பிரம்பும் பிள்ளையும்: இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் பாடம்

பிள்ளைகளை அடித்து வளர்ப்பதா, அடிக்காமல் வளர்ப்பதா என்னும் கேள்வி நம் வீடுகளிலும் மக்தபுகளிலும் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. அடியாத மாடு படியாது என்பார் ஒரு சாரார். கண்ணிரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லி உஸ்தாதின் கையில் பிள்ளையை ஒப்படைத்த வாப்பாமார்களை நாம் கண்டிருக்கிறோம். தொழாத பிள்ளையைப் பத்து வயதில் அடிக்கும்படி ஹதீஸே வந்திருக்க, அதைத் தடுக்க நீங்கள் யார் என்றும் அவர்கள் கேட்பார்கள். குழந்தையின் மீது கை வைப்பதே குற்றம், இந்தப் பழக்கத்தால்தான் பிள்ளைகள் ஓதுவதையே வெறுத்து ஓடுகிறார்கள் என்பார் இன்னொரு சாரார். ஒருவர் மற்றவரை மார்க்கம் அறியாதவர் என்பதும், மற்றவர் இவரைக் காலம் அறியாதவர் என்பதுமாக வாதம் முடிந்துவிடுகிறது.

இவ்விரு சாராரும் அமர்ந்து கேட்க வேண்டிய பேரறிஞர் ஒருவர் இருக்கிறார். வரலாற்றுக் கலையின் தந்தை என்று கிழக்கும் மேற்கும் போற்றும் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களே அவர். அரசுகள் எழுவதையும் விழுவதையும் ஆராய்ந்தவர் என்று அன்னாரை உலகம் அறியும். சின்னஞ்சிறு பிள்ளையின் முதுகில் விழும் பிரம்பைப் பற்றியும் அவர்கள் எழுதிவைத்தார்கள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்த எழுத்தை விளங்க, முதலில் அவர்களுடைய வாழ்வை விளங்க வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

அபூ ஸைத் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் அவர்கள் ஹிஜ்ரி 732, ரமளான் பிறை 1-இல் (27.5.1332) தூனிஸ் நகரில் பிறந்தார்கள். யமன் நாட்டின் ஹள்ரமவ்த்தே குடும்பத்தின் பூர்வீகம். அங்கிருந்து ஸ்பெயின் சென்ற முன்னோர்கள் இஷ்பீலிய்யா நகரில் (இன்றைய செவில்) பல தலைமுறை செல்வாக்குடன் வாழ்ந்தார்கள். 1248-இல் அந்நகர் கிறிஸ்தவ மன்னர் வசமாவதற்கு முன்பே அக்குடும்பம் கடல் கடந்து வட ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தது.

தந்தையே முதல் ஆசிரியர். பின்னர் இப்னு புர்ரால் என்ற உஸ்தாதிடம் குர்ஆனை மனனம் செய்தார்கள். ஏழு கிராஅத்துகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் 21 கத்முகளில் அந்த உஸ்தாதிடம் ஓதி முடித்ததாகத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்கள். சுல்தான்களின் சபைகளில் உயர் பதவிகள் வகித்த அம்மேதை, தம் வாழ்க்கையை எழுத அமர்ந்தபோது, தமக்கு ஓதிக்கொடுத்தவர்களைப் பெயர் பெயராக நினைவுகூர்ந்து அவர்களின் சிறப்புகளையும் எழுதிவைத்தார்கள். கற்றுத்தந்த கைகளை மறக்காத மாணவர் அவர்கள்.

தூனிஸ் மண்ணுக்கு இத்துறையில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் எப்படி நடக்க வேண்டும் என்று தனி நூல் எழுதிய முன்னோடிகள் அங்குள்ள கைரவான் நகரத்தார்களே. மாலிக்கீ மத்ஹபின் பெரும் இமாமாகிய ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 240) தம் மகனை ஓதவைத்தபோது, புகழ்ச்சியாலும் மென்மையான பேச்சாலுமே இவனுக்கு ஒழுக்கம் கற்பியுங்கள், அடித்தும் கடிந்தும் திருத்தப்பட வேண்டிய பிள்ளையல்ல இவன் என்று உஸ்தாதிடம் கேட்டுக்கொண்டார்களாம். அந்த மகன் முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்களே பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கான ஒழுக்கங்களைப் பற்றி நூல் இயற்றினார்கள். இப்னு கல்தூன் அவர்கள் இந்தப் பாரம்பரியத்தின் வாரிசு.

சோதனைகள்

அன்னாருக்குப் பதினேழு வயதிருக்கும்போது, 1348-49-இல், உலகை உலுக்கிய கொள்ளைநோய் தூனிஸையும் தாக்கியது. பெற்றோர் இருவரையும் உஸ்தாதுமார்கள் பலரையும் ஒரே வீச்சில் இழந்தார்கள். பிறகு ஃபாஸ் நகரிலிருந்த மரீனிய சுல்தான் அபூ இனானின் சபையில் சேர்ந்தார்கள். சதி செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டு 1357-இல் சிறையிடப்பட்டார்கள். ஏறத்தாழ 21 மாதங்கள் கழித்து, சுல்தான் இறந்த பின்னரே விடுதலை கிடைத்தது.

1362-இல் கிரனடா சென்றார்கள். அங்கிருந்து 1364-இல் காஸ்தீல் மன்னன் பெட்ரோவிடம் தூதராகப் போனார்கள். தம் முன்னோர்கள் வாழ்ந்த இஷ்பீலிய்யாவிலேயே அந்த மன்னன் அவர்களை வரவேற்று, தன்னிடமே தங்கிவிட்டால் முன்னோர்களின் சொத்துக்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மரியாதையோடு மறுத்துவிட்டார்கள். பின்னர் பிஜாயா நாட்டில் சுல்தானுக்கு அடுத்த பதவி. ஆனால் அடுத்த ஆண்டே அந்த சுல்தான் போரில் மாண்டார். இப்படி ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு, ஒரு சுல்தானிடமிருந்து இன்னொரு சுல்தானிடம் என ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தது.

அந்த அரண்மனைகளில் அவர்கள் கண்டது என்ன? சுல்தானின் முகம் பார்த்துப் பேசும் மனிதர்களை! உள்ளத்தில் ஒன்று, நாவில் ஒன்று. வாளுக்கு அஞ்சிக் காலையில் வாழ்த்துவார்கள். வாள் சற்றே விலகினால் மாலையில் மாற்றானோடு சேர்வார்கள். அந்தச் சுழலில் அவர்களும் அகப்பட்டிருந்தார்கள். ஆதரித்தவர்களை விட்டுப் பிரிந்ததும் உண்டு. அச்சம் மனிதனை என்னவாக்கும் என்பதை ஏட்டில் படித்தல்ல, பட்டே அறிந்தார்கள் என்பது என் எண்ணம்.

கோட்டையில் பிறந்த நூல்

அரசியலில் சலித்துப்போய் 1375-இல் குடும்பத்தோடு இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கினார்கள். இன்றைய அல்ஜீரியா நாட்டில் உள்ள இடம் அது. ஆவ்லாத் ஆரிஃப் என்ற அரபுக் குலத்தார் அடைக்கலம் தந்தார்கள். ஏறத்தாழ நான்காண்டுத் தனிமை. அங்கேதான் உலகப் புகழ்பெற்ற முகத்திமா எழுதப்பட்டது. ஹிஜ்ரி 779-இல் (1377) ஐந்தே மாதங்களில் அதன் முதற்பிரதியை முடித்தார்கள்.

அந்நூலின் ஆறாம் பகுதி கல்வியைப் பற்றியது. அதில் ஒரு சிறு பிரிவு, மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்கு என்பதையே தலைப்பாகக் கொண்டது. சிறு பிள்ளைகளுக்கு இத்தீங்கு இன்னும் அதிகம் என்று தொடங்குகிறார்கள். அதன் கருத்தை நம் நடையில் சொல்வதானால் இதுதான்:

அடக்குமுறையில் வளர்க்கப்படுபவர் மாணவராயினும், அடிமையாயினும், பணியாளராயினும், அந்த அடக்குமுறை அவரை ஆட்கொண்டுவிடும். உள்ளம் விரிய இடமின்றிச் சுருங்கும். உற்சாகம் போய்ச் சோம்பல் வரும். தம் மீது கை ஓங்கப்படுமோ என்ற பயத்தால் உள்ளத்தில் இல்லாததை வெளியில் காட்டத் தொடங்குவார். பொய் அவருக்குக் கேடயமாகும். தந்திரமும் ஏமாற்றும் பழகிப்போகும். நாளடைவில் இவையே அவருடைய குணமாக நிலைபெறும். தன்னையும் தன் வீட்டையும் காக்கும் மானவுணர்ச்சி மங்கி, எதற்கும் பிறரைச் சார்ந்து நிற்பவராவார். நற்குணங்களைத் தேடவே சோம்பி, மனிதத் தன்மையின் முழுமையை அடையாமல் நின்றுவிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அடக்குமுறையின் பிடியில் அகப்பட்ட சமுதாயங்களுக்கும் இதே கதிதான் என்கிறார்கள். மக்தபின் ஒரு மூலையில் நடப்பதும் ஒரு நாட்டில் நடப்பதும் அவர்கள் பார்வையில் ஒரே விதிக்கு உட்பட்டவை. எனவே உஸ்தாத் மாணவனிடமும் தந்தை மகனிடமும் கொடுங்கோன்மை செய்யக்கூடாது என்று முடிவு கூறுகிறார்கள்.

அப்படியானால் அடியே கூடாது என்றார்களா? இல்லை. கைரவானின் இமாம் இப்னு அபீ ஸைத் (ரஹ்) அவர்களை மேற்கோளாக்கி, தேவை ஏற்பட்டாலும் மூன்று அடிக்கு மேல் போகலாகாது என்று எல்லை வகுக்கிறார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையையும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளையை வருத்தி அவன் அறிவைச் சாகடித்துவிடாதீர், அளவுக்கு மிஞ்சி விட்டுக்கொடுத்து அவனுக்குச் சோம்பலை இனிப்பாக்கிவிடாதீர், இயன்றவரை நெருக்கத்தாலும் மென்மையாலும் திருத்துவீர், அவற்றுக்கு இணங்காவிட்டால் மட்டுமே கடுமை என்பது அதன் சாரம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடத்தைப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும் என்று அதே ஆறாம் பகுதியில் விரிவாக எழுதுகிறார்கள். தொடக்கநிலை மாணவனிடம் எடுத்த எடுப்பிலேயே சிக்கலான மஸ்அலாக்களைத் திணித்தால் அவன் மூளை களைத்துப்போகும். கல்வியே கடினமென்று எண்ணி அதை விட்டு ஒதுங்குவான். தவறு மாணவனிடம் இல்லை, கற்பித்த முறையில்தான் என்கிறார்கள். பாடம் வராத பிள்ளையை நோக்கிப் பிரம்பை எடுப்பதற்கு முன், பாடத்தை நாம் சரியாகக் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ள இது போதுமல்லவா?

உள்ளிருந்து தடுக்கும் காவலன்

முகத்திமாவின் மற்றோரிடத்தில் ஓர் அரிய நுட்பத்தை விளக்குகிறார்கள். மனிதனைத் தீமையிலிருந்து தடுக்கும் காவலன் இருவகை. ஒன்று வெளியிலிருந்து தடுப்பது: ஆட்சி, தண்டனை, ஆசிரியரின் கை. மற்றொன்று உள்ளிருந்து தடுப்பது: ஈமான். ஸஹாபாப் பெருமக்கள் மார்க்கத்தின் கட்டளைகள் அனைத்துக்கும் கட்டுப்பட்டும் அவர்களின் வீரமும் மானமும் குன்றவில்லையே, ஏன்? அவர்களைத் தடுத்த காவலன் உள்ளத்தில் இருந்தான். வெளிக் காவலனை மட்டுமே நம்பி வளர்ந்தவர்களிடம் அந்த வீரம் தேய்கிறது.

தொழுகையை எண்ணிப் பாருங்கள். பிரம்புக்கு அஞ்சித் தொழும் பிள்ளை, பிரம்பு இல்லாத இடத்தில் என்ன செய்வான்? வெளியூருக்குப் படிக்கப் போகும் பதினெட்டு வயதில் அவன் அறைக்கு எந்த உஸ்தாத் வருவார்?

ஏழு வயதில் ஏவுங்கள், பத்து வயதில் அடியுங்கள் என்ற ஹதீஸை நாம் மறைக்கவில்லை, அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதை ஓதுகிறவர்கள் ஏழுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கும் மூன்றாண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள் என்றால் மூன்றாண்டுக்கு 1,062 நாள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் 5,310 வேளைகள். அத்தனை வேளையும் கூடவே அழைத்துச் சென்று, சொல்லிக்கொடுத்து, தானும் தொழுது காட்டிய தந்தைதான் அந்த ஹதீஸின் பிற்பகுதியைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர்.

அதன் பிறகும் நம் ஃபுகஹாக்கள் கையைக் கட்டியே வைத்திருக்கிறார்கள். முகத்தில் அடிக்கக்கூடாது, காயம் படக்கூடாது. ஹனஃபீ நூல்கள் கையால்தான், கம்பால் அல்ல என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி போய், கடுமையாக அடித்தாலன்றிப் பிள்ளை திருந்தமாட்டான் என்ற நிலை வந்தால், கடுமையான அடியும் கூடாது, பயன் தராது என்பதால் இலேசான அடியும் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். நம் மக்தபுகளில் நடந்த அடிகளில் இந்த நிபந்தனைகளைத் தாண்டாதவை எத்தனை என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் நடைமுறை எப்படி? பெண்ணையோ பணியாளரையோ யாரையுமே, அறப்போரில் தவிர, தம் கரத்தால் அடித்ததேயில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சிறுவராக வந்து பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களோ, ஒருமுறைகூட ஏன் இப்படிச் செய்தாய் என்று நபியவர்கள் தம்மைக் கடிந்ததில்லை என்கிறார்கள்.

காழியின் மறுபக்கம்

இப்னு கல்தூன் அவர்களின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். 1382-இல் எகிப்து வந்து அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார்கள். 1384-இல் சுல்தான் பர்கூக் அவர்களை மாலிக்கீ தலைமைக் காழியாக நியமித்தார். தூனிஸிலிருந்த குடும்பத்தை வரவழைக்க அந்த சுல்தானே பரிந்துரைத்தார். குடும்பம் ஏறிவந்த கப்பல் அலெக்சாந்திரியாவை நெருங்கும் வேளையில் புயலில் சிக்கியது. குடும்பத்தையும் பிள்ளைகளையும் பொருளையும் கடல் கொண்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டே நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். பொய்ச் சாட்சிகளும் ஊழல் எழுத்தர்களும் மலிந்திருந்த காலம். சிபாரிசுக்கு வளையாமல் அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். அன்னாரைக் கண்டு பழகிய ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எகிப்தின் காழிகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். காழி இப்னு கல்தூன் கோபம் கொண்டால் குற்றவாளியின் கழுத்து சிவக்கும் வரை அறையச் செய்வார்களாம்!

பிள்ளைகளிடம் கடுமை கூடாது என்று எழுதிய அதே பெரியார்! இதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது நேர்மையாகாது. விவரமறிந்து வஞ்சகம் செய்த வயதுவந்தவனுக்குக் காழி அளிக்கும் தண்டனையும், விவரமறியாத பிள்ளைக்கு உஸ்தாத் கற்பிக்கும் ஒழுக்கமும் ஒன்றல்ல என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கோபம் என்று இப்னு ஹஜர் அவர்கள் குறித்த சொல் நம்மை எச்சரிக்க வேண்டும். கடுமையின் தீங்கை அவர்களைவிடத் தெளிவாக எழுதியவர் அரிது. அத்தகையவரின் கரத்திலும் அதிகாரமும் கோபமும் சேர்ந்தபோது அளவு தப்பியதென்றால், மக்தபில் பிரம்போடு அமரும் நாம் எம்மாத்திரம்? கோபத்தில் இருக்கும்போது ஆசிரியர் அடிக்கவே கூடாது என்று முன்னோர்கள் தடுத்ததன் ஹிக்மத் இதுவே.

பிறகு பதவி போனது, ஹிஜ்ரி 789-இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள், பாடம் நடத்தினார்கள், மீண்டும் மீண்டும் காழியாக்கப்பட்டு மீண்டும் மீண்டும் நீக்கப்பட்டார்கள். 1401-இல் தைமூர் திமிஷ்க் நகரை முற்றுகையிட்டபோது, மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்று அவரைச் சந்தித்தார்கள். ஹிஜ்ரி 808 ரமளான் மாதத்தில் (17.3.1406) காழிப் பதவியில் இருக்கும்போதே காலமானார்கள். கெய்ரோவின் நஸ்ரு வாசலுக்கு வெளியே ஸூஃபிகளின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

எனக்குக் கிடைத்த பாடம்

பட்டம் பெற்று வந்து ஒரு மக்தபில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய ஆண்டுகளில் என் மேசையிலும் பிரம்பு இருந்தது. காலையில் வந்ததும், சுப்ஹு தொழாதவர் எழுந்து நில்லுங்கள் என்பேன். முதல் வாரம் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு அடி. அடுத்த வாரம் நான்கு பேர். அதற்கடுத்த வாரம் ஒருவரும் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் தொழுகிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

ஒருநாள் ஒரு பிள்ளையின் வாப்பா கடைத்தெருவில் என்னைக் கண்டு, ஹஜ்ரத், என் மகன் சூரியன் உதித்த பின்தான் எழுகிறான், சுப்ஹுக்கு எழச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டார். அவன் நாள்தோறும் என் முகம் பார்த்துத் தொழுதேன் என்று சொன்னவன். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது, மத்ரஸாவில் எப்போதோ படித்த இப்னு கல்தூன் அவர்களின் வரிகள் உறைத்தன. தொழுகையைக் கற்பிப்பதாக எண்ணி நான் பொய்யைக் கற்பித்திருக்கிறேன். அதுவும் தொழுகையின் பெயராலேயே!

அன்று பிரம்பை எடுத்து வைத்தேன். தொழாதவர் யார் என்று கேட்பதை நிறுத்தினேன். பள்ளிவாசலில் சுப்ஹுக்கு வரும் பிள்ளைகளோடு தொழுகைக்குப் பின் சற்று நேரம் அமர்ந்து பேசத் தொடங்கினேன். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இருவர் வந்தார்கள், பிறகு ஐவர். வராதவர்கள், இன்று தூங்கிவிட்டேன் ஹஜ்ரத் என்று உண்மையைச் சொல்லும் அளவுக்கு வந்தார்கள். அந்த உண்மையே எனக்குப் பெரிதாகப்பட்டது.

பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டம் நம் நாட்டில் 2009-இல் வந்தது. 2012-இல் செய்த திருத்தம், மத்ரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்தது. வெளிக் காவலன் நம் வாசலில் நின்றுவிட்டான். இனி நம்மைத் தடுக்க வேண்டியது உள்ளிருக்கும் காவலனே. பிள்ளைகளுக்கு எந்த இறையச்சத்தைக் கற்பிக்க அமர்ந்திருக்கிறோமோ, அந்த இறையச்சம் முதலில் நம் கையைத் தடுக்கட்டும். பெற்றோரே! உஸ்தாதுமார்களே! ஓங்கிய கையை இறக்குவதற்கு முன், நம்மைவிட வல்லமை மிக்கவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நினைத்துக்கொள்வோம்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்கள் உள்ளங்களில் தன் அச்சத்தையும் அன்பையும் விதைத்து, அந்த அமானிதத்தைப் பேணிக் காக்கும் பொறுமையை நமக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.